கடைசி வரிசையில் இரண்டு சிப்பாய்கள்

என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு ஆஸ்பத்திரியின் சலவை வேனை ஓட்டினார். அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றும்போதும் வண்டியின் மூக்கு சாலையைப் பார்த்தே நிற்க வேண்டும். சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசை, கதவோர இருக்கை. யாருமே துரத்தாத மனிதருக்குத் தப்பிக்க எப்போதும் ஒரு வழி தேவைப்பட்டது.

அவருடைய ஒரே நண்பர் அடுத்த தெருக்காரர், அதே படையில் வயர்லெஸ் பார்த்தவர். போரில் ஒருநாள் குண்டு வெடித்து இருவரும் பள்ளத்தில் விழுந்தார்கள். காதடைத்து, பாதி நினைவோடு ஒருவர் மற்றவரைத் தோளில் சுமந்து வந்தார். சுமந்தது யார்? இருவருமே “நான்தான்” என்றார்கள். அதில் வந்த சண்டையில் வருடக்கணக்காகப் பேச்சில்லை.

கணவரின் இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் இவர்களைப் பேச வைத்துவிட வேண்டும் என்று நான் கிளம்பினேன். கல்லூரியில் உளவியல் படித்தவள் அல்லவா! முன்னாள் வீரர்கள் இருவர் ஒருவரையொருவர் வேட்டையாடும் படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் மூன்று டிக்கெட் வாங்கி, நடு இருக்கைக்கானதை நண்பரின் மனைவியிடம் ரகசியமாகக் கொடுத்தேன். முடிவில் திரையிலும் இருக்கையிலும் ஒரே நேரத்தில் கட்டித் தழுவல் நடக்கும் என்பது என் கணக்கு.

விளக்கணைந்ததும் நண்பர் வந்து உட்கார்ந்தார். கணவர் அவரைத் தாண்டி என்னை எட்டிப் பார்த்தார்.

“இதுக்குத்தான் பாப்கார்னெல்லாம் வாங்கித் தந்தியா?”

படம் மகா சொதப்பல். இடைவேளை வரை துரத்தல், பிறகும் துரத்தல். என் பக்கத்தில் இரண்டு சுவர்கள். கடைசியில் கதாநாயகன் அடிபட்ட எதிரியைக் குழந்தைபோல இரு கைகளில் ஏந்திக்கொண்டு மலையேறினான்.

“இடுப்பு போயிரும்டா உனக்கு,” என்றார் கணவர், திரையிடம்.

“பத்தடி தாண்ட மாட்டான்,” என்றார் நண்பர், அவரும் திரையிடம்.

“தோள்ல போடணும்.”

“அதை நீ சொல்றியா? தோள்ல கிடந்தவன்தானே நீ.”

முன்வரிசையில் யாரோ ‘உஸ்’ என்றார்கள்.

வெளியே வந்ததும் கணவர் குனிந்து முதுகைக் காட்டினார். “ஏறுடா வயர்லெஸ், காட்டறேன்.”

“நீ தூக்கிக் கிழிச்சே. தங்கச்சி, இவன் கண்ணாடியைப் பிடிம்மா,” என்று நண்பர் அவரைத் தோளில் போட்டார். முட்டி மடங்கியது. இருவரும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, படம் எடுத்தவரை வாய் வலிக்கத் திட்டினார்கள். என் உளவியல் சாதிக்காததை ஒரு மட்டமான படம் சாதித்துவிட்டது. அன்றிலிருந்து நண்பர் தினமும் சண்டை போட எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அறுவைச் சிகிச்சையிலிருந்து கணவர் எழவில்லை. சவப்பெட்டி எங்கள் கட்டட லிஃப்டில் நுழையாததால் மூன்றாம் மாடியிலிருந்து படி வழியாகவே இறக்கினார்கள்.

“உங்க முட்டிக்கு வேண்டாம், அண்ணா,” என்றேன் நண்பரிடம். அவர் கேட்கவில்லை, முன்பக்கம் தோள் கொடுத்தார். படித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது பெட்டியைத் தட்டினார்.

“இப்பவாவது ஒத்துக்கோடா லாரி. யாருடா தூக்கறது?”

இத்தனை வருடமும் கணவரின் கட்சியில் இருந்தவள் நான். அவருக்காக மறுத்துப் பேசத்தான் வாயெடுத்தேன்.

“படி பாத்து, அண்ணா,” என்பதுதான் வந்தது.