ஆடி பிறப்பதற்குள் மாற்றிய எண்கள்

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது மறுபடி வேலைக்குப் போனேன். சிம்மக்கல்லில் இரும்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி. மதுரைக் கடைகளுக்கு வெப்சைட்டும் மெயிலும் வைத்துக் கொடுப்போம். அவர்களுடைய டொமைன் பெயர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர் என் பொறுப்பு. உலகத்தில் எங்கிருந்தாவது ஒரு கம்ப்யூட்டர் பெயரைச் சொல்லிக் கேட்கும். அந்தப் பெயருக்கு உரிய எண்ணை எங்கள் சர்வர் சொல்லும். அந்த எண்ணை எத்தனை நாள் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். நான் ஒரு வாரம் என்று வைத்திருந்தேன். அடிக்கடி வந்து கேட்டால் எங்கள் லைன் தாங்காதே என்று பயம்.

ஆவணியில் பைபாஸ் ரோட்டுக்கு ஆபீஸ் மாறுவதாக இருந்தது. இடம் மாறினால் எண்களும் மாறும். இன்னும் நாளிருக்கிறது என்று இருந்தேன். நடுவில் மகளுக்குக் காய்ச்சல், நான்கு நாள் லீவு. திங்கட்கிழமை திரும்பி வந்ததும் முதலாளி சொன்னார்: "ஏம்மா, புது பில்டிங்காரர் ஆவணி வரைக்கும் பொறுக்கமாட்டாராம். ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிருவோம். வியாழக்கிழமை நல்ல நாளு."

ஒரு வாரத்தை உடனே ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். ஆனால் அதற்குமுன் கேட்டுப் போன கம்ப்யூட்டர்களிடம் பழைய எண் அடுத்த திங்கள்வரை இருக்கும்; அவை அனுப்பும் மெயில் பழைய இடத்துக்கே போகும். அதுவரை பழைய இடத்தில் ஒரு சர்வரையும் லைனையும் விட்டுவைத்தால் போதும். அதை நான் சொல்லவில்லை. நான்கு நாள் லீவு எடுத்தவள் வந்ததும் வராததுமாக இடக்குப் பேசுகிறாள் என்று நினைப்பாரோ என்று இருந்தது.

வியாழன் காலை சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் பால் கிடைத்தது. பழைய லைனைத் துண்டித்தாயிற்று. எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக வந்தது.

சனிக்கிழமை எங்களிடம் மெயில் வைத்திருந்த, சுங்குடிச் சேலை ஏற்றுமதி செய்பவர் போன் செய்தார். சௌராஷ்டிரக் குடும்பம், பின்னால் அவர் மனைவி தங்கள் பாஷையில் ஏதோ கோபமாகச் சொல்வது கேட்டது.

"தங்கச்சி, ஜெர்மனிக்காரங்க எந்தக் கலருன்னு மெயில் போடுறேன்னாங்க. ஒண்ணும் வரல. சாயத்தொட்டி பக்கத்துலயே உக்காந்திருக்கோம்."

"திங்கக்கிழமை வந்துரும்ணே."

"ஏன், மெயிலுக்கும் ராகுகாலம் பாக்குறீங்களோ?"

"அவங்களுக்கு போன் போட்டுப் பாருங்கண்ணே."

"சனி, ஞாயிறு அங்க யாரும்மா எடுப்பா?"

வீட்டுக்குப் போய் மகளுக்குச் சோறு ஊட்டினேன். அவள் துப்பினாள். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேன்.

திங்கட்கிழமை ஜெர்மனியிலிருந்து இரண்டு மெயில்கள் சேர்ந்து வந்தன. முதலாவது வியாழக்கிழமை அனுப்பியது: கலர் இது, நாளைக்குள் சம்மதம் சொல்லுங்கள். இரண்டாவது வெள்ளி மாலையில் அனுப்பியது: ஆர்டரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

சுங்குடிக்காரர் இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "இதெல்லாம் டெக்னிக்கல்ணே, யாருக்கும் முன்கூட்டித் தெரியாது" என்றார் முதலாளி. சுங்குடிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குமா தெரியாது, தங்கச்சி?"

"தெரியும்ணே. போன திங்கக்கிழமையே தெரியும்."

இதைச் சொல்ல எனக்குத் தைரியம் தேவைப்படவில்லை. பயமும் வரவில்லை. ஃபேன் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் காகிதங்களை மடித்தார். "அப்ப எங்க பேரை வேற கம்பெனிக்கு மாத்திக் குடுத்துரு" என்றார்.

அவர் பெயருக்கான நேரத்தை ஒரு மணி என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஒரு முழு வாரம் பொறுத்து மாற்றினேன். அதற்குப் பிறகும் எங்கள் சர்வரில் அவர் பெயரை எடுக்காமல், பழைய நினைவில் எங்களிடமே வந்து கேட்பவர்களுக்குப் புது கம்பெனியின் எண்ணையே சொல்ல வைத்தேன்.

"போன ஆளுக்கு எதுக்கும்மா இம்புட்டு?" என்றார் முதலாளி.

"ஒரு வாரம் இருக்கணும் சார்."

நான்காம் நாளுக்குப் பிறகு யாரும் வந்து அந்தப் பெயரைக் கேட்கவில்லை. ஏழு நாளும் முடியட்டும் என்று விட்டுவைத்து, எட்டாம் நாள் காலை அழித்தேன்.