ஏழாவது கேள்வி

நடனம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நேர்காணலில் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: "ஆட்டம் தெரியாதுங்க. படிவம் தெரியும்." அறக்கட்டளையின் மேலாளர் அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கிளையை இழுத்து மூடினார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்ட ஆரம்பித்தார். கண்ணாடி ஜாடியில் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்த உப்பின்மேல் 'உப்பு' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்த அன்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏங்க, எங்கயாவது வேலைக்குப் போயிடுங்க. இல்லேன்னா நாளைக்கு என் நெத்தியிலயும் ஒட்டுவீங்க."

அறக்கட்டளை அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மேடையில் ஆடியே பிழைக்கும் கலைஞர்களுக்கு நிதியுதவி தருவதுதான் அதன் வேலை. புதுப் படைப்புக்கு ஒரு திட்டம், வெளியூர்ப் பயணத்துக்கு ஒன்று. மூன்றாவது திட்டம், அடிபட்டோ நோய்ப்பட்டோ ஆட முடியாமல் போனவர்களுக்கு. சிகிச்சைக்கும், வேண்டுமானால் வேறு தொழில் கற்றுக்கொள்ளவும் ஒரு வருடச் செலவை அது ஏற்கும். அந்த மூன்றாவது திட்டம்தான் அவர் பொறுப்பு.

மேசை படிக்கட்டுக் கதவை ஒட்டி இருந்தது. வருகிறவரின் முகம் தெரிவதற்கு முன்பே காலடி கேட்கும். பொய்க் காயங்களைப் பார்த்துப் பழகிய காதுக்கு உண்மைக் காயம் சட்டென்று பிடிபட்டது. இடது முட்டி, வலது கணுக்கால், இது இடுப்பு என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வார். வந்தவர்கள் தாழ்வான சோபாவில் உட்கார்ந்துவிட்டு எழப் படும் பாட்டைக் கண்டு, இரண்டாவது மாதமே கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி ஒன்றைத் தானே வாங்கி வந்து போட்டார். "இது விருந்தாளிக்கு" என்பார். அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது. மேலாளர் அம்மாவையே ஒருமுறை எழுப்பியிருக்கிறார்.

ஆனால் படிவத்தின் ஏழாவது கேள்வி அவரைப் படுத்தி எடுத்தது. 'கடந்த ஐந்து ஆண்டுகளில் உடல்நிலை காரணமாக ஆட முடியாமல் போன காலம் உண்டா? விவரிக்கவும்.' எல்லோரும் 'இல்லை' என்றே எழுதினார்கள். கைத்தடியோடு வந்தவர் 'இல்லை' என்று எழுதினார். முழங்காலில் பட்டை கட்டியிருந்த பெண்ணும் அதையேதான் எழுதினார். வலி தெரியாமல் சிரிப்பதே அவர்கள் தொழில். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்குத்தான் வாழ்நாள் முழுக்க வேலை கிடைத்திருக்கிறது, ஆகவே பணமும் அவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்தார்கள். இந்தத் திட்டத்திலோ 'இல்லை' என்றால் விண்ணப்பம் நேராகத் தள்ளுபடி.

"அங்க சுளுக்குக்கு எலும்பு முறிஞ்சதுன்னு எழுதுவான்," என்று வீட்டில் புலம்புவார். "இங்க எலும்பு முறிஞ்சாக்கூடச் சுளுக்குன்னு எழுத மாட்டேங்கிறாங்க."

"நீங்களே எழுதிக் குடுத்துடறதுதானே?"

"ஒரு புள்ளி வெக்கக்கூடாது. விதி."

விதி அவருக்கு விட்டுவைத்தது ஒரு பென்சில்தான். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பலாம். அவர் போட்டுக்கொண்டே இருந்தார். நாட்டியக்காரர்கள் அவருக்கு 'ஏழாம் நம்பர்' என்று பெயர் வைத்தது அவருக்கும் தெரியும். உள்ளூரச் சந்தோஷம்தான்.

மூன்றாவது வருடம் மேலாளர் அம்மா அவரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். இரண்டு வருடமாக ஒருவருக்கும் காயம் இல்லை. இந்த முறையும் தகுதியான விண்ணப்பம் வராவிட்டால் மூன்றாவது திட்டத்தை மூடிவிடலாம் என்று மேலே முடிவாகியிருந்தது. அவர் கையில் நாற்பத்தோரு படிவங்கள் இருந்தன. நாற்பத்தொன்றிலும் 'இல்லை'. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று நெட்டையருடையது. ஆறடிக்கு மேல் உயரம், முப்பத்தொன்பது வயது, ஒரே குழுவில் பதினெட்டு வருடம். மேடை விளக்கு அமைக்கும் வேலை கற்க வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தார். படி ஏறி வந்த அன்றே காது சொல்லிவிட்டது, இடுப்பு. இரண்டு முறை கேள்விக்குறி போட்டு அனுப்பினார். இரண்டு முறையும் 'இல்லை' திரும்பி வந்தது. இரண்டாவது முறை அடிக்கோடு வேறு.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படிவத்தோடு இரண்டு பஸ் மாறிப் போனார். குழு பயிற்சி செய்த இடம் ஒரு பழைய கிடங்கின் மேல்தளம். கீழே நின்று சொல்லி அனுப்பினார். மேலே யாரோ கைதட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் நெட்டையர் இரும்புப் படிகளில் இறங்கினார், முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஏணியில் இறங்குவதுபோல. பாதியில் திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், நீங்களா? இது... ஒரு பயிற்சிங்க."

"தெரியும் தம்பி. நல்ல பயிற்சி. எத்தனை மாசமா?"

நெட்டையர் மீதிப் படிகளையும் அப்படியே இறங்கி, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க. எங்க இயக்குநர் மேலதான் இருக்காங்க. இந்தப் படிவத்தைப் படிச்சு முடிவு பண்ற தேர்வுக்குழு மூணு பேர் யாரு? நாளைக்கு என்னை ஆடக் கூப்பிட வேண்டியவங்கதானே? ஆம்னு எழுதிட்டா எவன் சார் கூப்பிடுவான்?"

காப்பீட்டில் இருந்தவர் பொய்யாகத் தைரியம் சொல்லிப் பழகாதவர். "அது நிஜம்தான்," என்றார். "கூப்பிடாமப் போகலாம்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"இருபத்திரண்டு வருஷம் விழாதவன்லாம் விழுந்தேன்னு எழுதினதைப் படிச்சிருக்கேன் தம்பி. அவ்வளவு அழகா எழுதுவான், கண்ணுல தண்ணி வரும். இங்க நாற்பத்தோரு பேர் விழுந்திருக்கீங்க, ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறீங்க. இன்னிக்கு அஞ்சு மணியோட இந்தத் திட்டத்தை மூடறாங்க. ஆளுங்களுக்கு அடியே படலியாம்."

நெட்டையர் கீழ்ப்படியில் உட்காரப் போனார். வலித்ததோ என்னவோ, நின்றுகொண்டார்.

"நான்தான் முதல் ஆளா மாட்டிக்கணுமா?"

"நீங்க வேண்டாம்னா நான் பஸ் ஏறிடுவேன். கோபமில்லை. ஆனா ஒண்ணு. படி இறங்கறப்போ முன்னாடி பார்த்து இறங்க ஆசையா இல்லையா உங்களுக்கு?"

மேலே கைதட்டல் நின்றது. யாரோ நெட்டையரைக் கூப்பிட்டார்கள். "அஞ்சு நிமிஷம்!" என்று கத்தினார் அவர். பிறகு கையை நீட்டினார். "பேனா குடுங்க."

படிவத்தைச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தார். கொடுத்திருந்த இரண்டு வரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"தேதி வேணுமா சார்? எனக்குத் தேதி ஞாபகமில்லை. ஆட்டம்தான் ஞாபகமிருக்கு. மழையில ஆடினோமே, திறந்தவெளியில, அன்னிக்குத்தான் முதல்ல..."

"அப்படியே எழுதுங்க. மழைன்னே எழுதுங்க."

தாளின் பின்பக்கமும் நிரம்பியது. பையைத் துழாவி இவர் கொடுத்த பஸ் டிக்கெட்டின் பின்னால் கடைசி வரி ஏறியது. நாலு ஐம்பதுக்குப் படிவம் மேலாளர் அம்மாவின் மேசையில் இருந்தது. டிக்கெட்டைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தியிருந்தார். "இது என்ன?" என்றார் அம்மா. "இணைப்பு ஒன்று," என்றார் இவர்.

திட்டம் பிழைத்தது. நெட்டையருக்கு ஒரு வருட உதவி கிடைத்தது. அவர் பயந்ததும் நடந்தது. அந்தப் பருவத்தின் பெரிய வேடம் வேறொருவருக்குப் போனது. இரண்டு மாதம் அவர் இவருடைய போனை எடுக்கவில்லை. இவரும் விடாமல் வெள்ளிக்கிழமைதோறும் அடித்தார். மூன்றாவது மாதம், இடுப்பு அறுவைசிகிச்சை முடிந்து, நெட்டையரே கூப்பிட்டார். "அண்ணே," என்றுதான் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு சார் இல்லை. அடுத்த வருடப் படிவங்களில் பத்தொன்பது பேர் 'ஆம்' என்று எழுதியிருந்தார்கள். அன்று இவர் வீட்டுக்கு வந்து ஒவ்வொருவரின் வலியையும் மனைவியிடம் பெருமையாக ஒப்பித்தார்.

வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் எதையாவது மறைக்கிறார் என்று தோன்றினால் மனைவி கரண்டியை நீட்டி, "ஏழாவது கேள்வி. பதில் சொல்லுங்க," என்பார். கடைசி வருடம் அந்தக் கேள்வி அடிக்கடி வந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்குகிறதா? தூக்கம் வருகிறதா?

"இல்லை," என்பார். "ஒண்ணும் இல்லை."

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தன் மேசையிலேயே, கையில் பென்சிலோடு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள், மனைவியும் வந்திருந்தார். விளக்கு நெட்டையர் போட்டது, இதமான மஞ்சள் வெளிச்சம். எல்லோரும் மாறி மாறி அந்தக் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். கிளம்பும்போது நெட்டையர் முன்னால் பார்த்தபடி படிகளில் இறங்கினார். பாதியில் நின்று, "அண்ணி, பாருங்க," என்றார். மனைவி பார்த்தார்.

அவருடைய பையை மனைவி அதற்குப் பிறகுதான் திறந்தார். மூக்குக்கண்ணாடியும் பென்சிலும் இருந்தன. கூடவே, மருத்துவமனையில் கொடுத்த, பாதி நிரப்பிய ஒரு படிவம். மார்வலி உண்டா? இல்லை. மூச்சுத்திணறல் உண்டா? இல்லை. அந்தத் திருத்தமான கையெழுத்தில் வரிசையாக இல்லை, இல்லை.

"பாவி மனுஷா," என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஊருக்கெல்லாம் திருப்பி அனுப்பினீங்களே."

பென்சிலை எடுத்து, ஓரத்தில், அவர் போடுவதுபோலவே சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.