நாலடி தள்ளி நிற்க ஒரு விசை

கல்லூரியின் கடைசி ஆண்டில் நானும் இரண்டு வகுப்புத் தோழர்களும் சேர்ந்து திருத்தணி மலையைக் கணினிக்குள் கட்டினோம். அறிக்கையில் அதை மெய்நிகர் உலகம் என்று எழுதினோம். தலையில் மாட்டும் கண்ணாடியெல்லாம் எங்கள் கல்லூரியில் கிடையாது, வெறும் திரைதான். எல்லாப் படிகளையும் போட்டால் கணினி திணறியதால் நாற்பதோடு நிறுத்திக்கொண்டோம். லேபின் இருபது கணினிகளிலிருந்தும் ஆளுக்கொரு உருவத்தைப் படியேற்றலாம், மண்டபத்தில் நிறுத்தலாம், தட்டச்சு செய்து பேசலாம். பதினைந்து ஆண் உருவங்கள், ஐந்து பெண் உருவங்கள்.

முதல் சோதனைக்கு வகுப்புப் பையன்கள் மற்றக் கணினிகளில் உட்கார்ந்தார்கள். எந்த உருவம் யாருடையது என்று திரையில் தெரியாது. நான் பெண் உருவத்தை எடுத்தேன். அன்று நோட்டில் குறித்தவை இன்னும் இருக்கின்றன. ஒன்று, படியில் கால் வைத்ததும் ஏழு உருவங்கள் சூழ்ந்துகொண்டன. இரண்டு, "தனியாவா மலை ஏறுற?" மூன்று, "பாவா எங்க, கீழ செருப்பு பாத்துகினு இருக்காரா?" (பாவா என்றால் எங்கள் பக்கத்தில் அத்தான்.) நான்கு, ஓர் உருவத்துக்குள் இன்னொன்று புகுந்து போக முடியாதபடி நிரல் எழுதியது நானே. அதனால் என்னால் நகரவே முடியவில்லை.

மறுநாள் ஆண் உருவத்தை எடுத்தேன். மண்டபம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஒருவன் வழி சொல்லிவிட்டுப் போய்விட்டான். குறிப்பதற்கு வேறொன்றும் இல்லை.

இதே பையன்கள் லேபில் பெண்கள் நாங்கள் உட்காரும் வரிசைப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். ரெக்கார்டு நோட்டு வேண்டுமென்றால் மூன்று பேர் வழியாகக் கேட்டு அனுப்புவார்கள்.

என் கணினியில் மட்டும் விசைப்பலகையின் ஒரு விசைக்கு நிரல் எழுதிச் சேர்த்தேன். அதை அழுத்தினால் மற்ற உருவங்கள் நாலடி தள்ளித்தான் நிற்க முடியும். அது இறுதிச் செயல்விளக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். தோழர்களில் ஒருவன் சிரித்தான்.

"சும்மா விளையாடறானுங்க. நீ இதைப் போய் சீரியஸா எடுத்துகினா எப்படி?"

"அப்ப அடுத்த டெஸ்ட்ல நீ பொண்ணா வா."

"ஆங், வரேன். இன்னா ஆயிடும்?"

வந்தான். மற்றவர்களிடம் சொல்லவில்லை. எட்டாவது படியில், சுவர் மூலையில் அவனை மடக்கிவிட்டார்கள். முதலில் சிரித்தான். பிறகு அம்புக்குறி விசைகளைக் குத்த ஆரம்பித்தான். 'வழி விடுங்க' என்று அடித்தான். 'கோவத்துல இன்னும் அழகா கீறியே' என்று பதில் வந்தது. அவன் காது சிவந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினான்.

"டேய், நான்தான்டா அது! தள்ளுங்கடா!"

லேபே சிரித்தது. ஒரு நொடியில் படி காலியானது.

இப்போதாவது புரிந்திருக்கும் என்று காத்திருந்தேன். அவன் என் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா? யாருன்னு சொன்னா விட்டுட்றானுங்க. இதுக்கு எதுக்கு ஒரு கீ?"

நான் எழுந்து நின்று யாரென்று சொன்னால் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னேன். கூட்டம் இன்னும் நெருங்கும். சாயங்காலம் பள்ளிப்பட்டு பஸ்ஸிலும் அந்தப் பேச்சு தொடரும். வாரக் கடைசியில் அது என் வீட்டுக்குப் போய்ச் சேரும். மூன்றாவதைச் சொல்லி முடிக்கும்முன், "ஆரம்பிச்சிட்டாப்பா லிஸ்டு" என்று எழுந்து போனான்.

நோட்டுக் குறிப்புகளோடு விசையை வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டினேன். விசையை நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார்.

"கோடிங் நல்லா எழுதியிருக்கம்மா," என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா பொம்பள உருவமே எதுக்கு? இருபதையும் ஆம்பளையா வெச்சிடுங்க. பிரச்சினையே இல்ல பாரு."

"சார், அப்ப நாங்க எப்படி உள்ள வர்றது?"

"ஆம்பளையா வாங்க. உனக்குத்தான் அது பழக்கமாச்சே!"

தோழர்கள் இருவரும் சிரித்தார்கள். அவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்.

தேர்வாளர் வந்த அன்று இருபது ஆண்கள் ஒழுங்காகப் படியேறினார்கள். அவர் பாராட்டினார். வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்பதால் அறிக்கை வேலை என் தலையில்தான் விழுந்திருந்தது. கடைசிப் பக்கத்தில், 'எதிர்கால மேம்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்தாவதாக, செயல்விளக்கத்தில் இடம்பெறாத அந்த விசையைச் சேர்த்தேன். அது ஏற்கெனவே மூன்று வாரமாக வேலை செய்துகொண்டிருந்தது.