உச்சி வேளையில் மூன்று நட்சத்திரம்

அம்மாவின் பெயர் செபஸ்தியம்மாள். வத்தலக்குண்டு சாலையோரம் ஓராசிரியர் பள்ளியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். போன மாதம் இறந்துவிட்டார். அவர் நடத்திய பாடங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1953 கோடை. இரண்டாம் வகுப்பு. நட்சத்திரம் ஏன் ராத்திரியில் மட்டும் தெரிகிறது என்பது பாடம். அம்மா சிம்னி விளக்கை ஏற்றி, நல்ல வெயிலில் சுற்றுச்சுவர் மேல் வைத்தார். பிள்ளைகளைத் தூரத்து வேம்படியில் நிறுத்தினார்.

"எரியுதா, அணைஞ்சிருச்சா?"

"அணைஞ்சு போச்சு டீச்சர்!"

"டீச்சர் வீட்ல எண்ணெய் இல்லலே" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அதே விளக்கை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். சுடர் தெரிந்தது. நட்சத்திரமும் பகலில் அங்கேயேதான் இருக்கிறது, வெளிச்சம் மறைக்கிறது என்றார். அதுவரை எல்லாம் சரி.

ஏழு வயதுக் கருப்பாயி எழுந்தாள். "அப்ப பகல்ல பாக்கவே முடியாதா டீச்சர்?"

"ஆழமான கிணத்துக்குள்ள இருந்து பாத்தா தெரியும்."

ஆசிரியப் பயிற்சியில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதை எழுதிவைத்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் உச்சி வேளையில் கருப்பாயி தன் அப்பா வீரனின் கிணற்றில் இறங்கினாள். கடைசிப் படிகளில் வழுக்கிப் பாறையில் விழுந்தாள். சாயங்காலம் கமலை இறைக்க மாடு ஓட்டி வந்த வீரன்தான் முனகல் கேட்டு அவளைத் தூக்கினார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கால் பிறகு நேராகவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவைப் பார்த்ததும் வீரன் சத்தமாகச் சொன்னார்: "வழி விடுங்கப்பு. பகல்ல நட்சத்திரம் காட்டுற டீச்சரம்மா வாராக."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மாவை அய்யலூர்ப் பக்கம் மாற்றினார்கள். வீரன் அங்கே ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர். பெயரும் கூடவே வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு ஒரே ஒரு பிடிதான் இருந்தது. "பச்சப்பிள்ளகிட்டச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா சொன்னது பொய் இல்ல. கருப்பாயி மூணு பாத்தாளாம். அவளே எங்கிட்டச் சொன்னா." இதைப் பதிமூன்று வருஷம் சொன்னார்.

நான் பாலிடெக்னிக் படித்து, கிணறு ஆழப்படுத்தும் வேலைக்கு ஓவர்சியர் ஆனேன். போன வருஷம், 1966-ல், சாப்பாட்டு வேளையில் அம்மா கேட்டார்.

"எம்புட்டுக் கிணத்துல இறங்கியிருக்க. தெரியுதுல்லப்பா?"

"தெரியாதும்மா. கிணத்துச்சுவர் சூரியனத்தான் மறைக்கும். கிணத்து வாய்க்கு மேல வானம் வெளிச்சமாத்தான இருக்கு. இருபது கிணத்துல பாத்துட்டேன்."

அம்மாவின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது.

"அப்ப அந்தப் பிள்ள?"

"பொய் சொல்லியிருப்பா."

சொல்லிவிட்டு மோர் கேட்டேன். அம்மா ஊற்றினார். அடுத்த வாரம் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. அதன் பிறகு எட்டு மாதம்தான் உயிரோடு இருந்தார்.

அடக்கத்துக்குக் கருப்பாயி தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கிணத்துக்குள்ள ஒண்ணுமே தெரியல. வெறும் வானந்தான். ஆஸ்பத்திரியில டீச்சர் என் கட்டில்கிட்ட நின்னு அழுதாக. அதான் மூணு தெரிஞ்சதுன்னு சொன்னேன். கடைசி வரைக்கும் நம்புனாகளா?"

"நம்பினாங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.