அண்ணி கட்டிய தகடு

எங்கள் அண்ணிக்கு வாய் அதிகம் கிடையாது. இருக்கிற வாயையும், வேலையைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று கம்பெனிக்காரர்கள் கையெழுத்து வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஏவுகணையின் மூக்குக்குள் உட்காருகிற ரேடார் கண்ணைச் சோதிப்பது அவள் வேலை. நானும் அதே கம்பெனியில்தான், கேன்டீனில். என்னிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை. டீ ஊற்றுகிறவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அவள் வேலை செய்யும் அறையின் சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சுக் கூம்புகள். ரேடார் அலை சுவரில் பட்டுத் திரும்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. உள்ளே பேசினால் குரல்கூடச் செத்து விழும். அதனால்தான் வீட்டிலும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்கிறாள் என்று நான் கேலி செய்வேன்.

அறையின் ஒரு கோடியில் அந்தக் கண்ணை மாட்டுவார்கள். எதிர்க்கோடியில், பெட்டியின் மூலையை வெட்டி எடுத்ததுபோல மூன்று தகடுகள் சேர்ந்த ஒரு சாமானை அண்ணி தொங்கவிடுவாள். எந்தப் பக்கமிருந்து அலை வந்தாலும் அது வந்த வழியே திருப்பி அனுப்பும். அதனால் கைக்கு அடக்கமான அந்த மூலை திரையில் ஒரு கப்பலைப்போலப் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் கண் தேறியது என்று அர்த்தம்.

என் அண்ணன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவன். அவனுடைய ஃபைபர் படகு கப்பல்களின் ரேடாரில் தெரியவே தெரியாது. ஒரு மூடுபனிக் காலையில் சரக்குக் கப்பல் ஒன்று மயிரிழையில் அவனைத் தாண்டிப் போனது. வீட்டுக்கு வந்தவன் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி அலுமினியத் தகடு வாங்கிவந்து, வெட்டி, மூன்றையும் மூலையாகச் சேர்த்து, படகுக் கம்பத்தின் உச்சியில் கட்டினாள். அதன்பிறகு கப்பல்கள் தூரத்திலேயே ஒதுங்கிப் போயின. துறைமுகத்தில் அண்ணனுக்குக் 'கப்பல்காரர்' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் புது ஏவுகணையின் சோதனை. எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டுப் பெரிய திரையில் நேரடியாகக் காட்டினார்கள். படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று முந்தின நாளே வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அண்ணன் அதற்கு முன்பே கிளம்பியிருந்தான். கேட்டுத் திரும்பியிருப்பார் என்று அண்ணி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்ஜினியர் தன் பிள்ளை மேடை ஏறியதுபோலப் பூரித்துப்போய் விளக்கினார். கிளப்பிவிட்ட ராக்கெட் கழன்று விழும், இறக்கை விரியும், சின்ன ஜெட் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிறகு அலையைத் தொடாத குறையாகத் தாழப் பறக்கும், அதனால் எதிரிக்குக் கடைசிவரை தெரியாது. தன் கண்ணையும் வழியெல்லாம் மூடியே வைத்திருக்கும். கிட்டே போனதும்தான் திறக்கும். கப்பலின் பக்கத்தைத் துளைத்து உள்ளே போன பிறகுதான் வெடிக்கும்.

டீத் தட்டோடு நின்ற நான், கண்ணைத் திறந்ததும் எதை அடிக்க வேண்டும் என்று யார் சொல்வார்கள் என்று கேட்டுவைத்தேன்.

"யாரும் சொல்ல வேணாம்மா. எது பளிச்சுனு தெரியுதோ அதை அதுவே எடுத்துக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமும் அதை விலாசம் பார்த்துப் போகிற பார்சல் என்றல்லவா நினைத்திருந்தேன்.

கண் திறந்தது. கடலில் அவர்கள் நிறுத்தியிருந்தது ஒரே ஒரு பழைய கப்பல். திரையில் இரண்டு புள்ளிகள். ஒன்று பரந்து மங்கலாக, இன்னொன்று சின்னதாக, ஆனால் கண் கூசும்படி. இன்ஜினியரின் முகம் மாறியது. படம் பிடிக்கப் போன நம் கப்பல் இவ்வளவு கிட்டே வந்திருக்காதே என்று முணுமுணுத்தார். குறி காட்டும் குறுக்குக்கோடு இரண்டுக்கும் நடுவே ஆடி, கண் கூசிய புள்ளியின் மேல் போய் நின்றது.

அண்ணி எழுந்தாள்.

"அது கப்பல் இல்ல சார். நான் கட்டின தகடு. என் வீட்டுக்காரர் அங்க இருக்காரு."

என் கையிலிருந்த தட்டு எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. ஒரு டம்ளர் டீ ஆற்றுகிற நேரம்தான் மிச்சம். இன்ஜினியர் மறுகேள்வி கேட்கவில்லை. போனை எடுத்து, வானத்திலேயே வெடிக்கவைக்கச் சொல்லிக் கத்தினார். திரை வெள்ளையாகி அணைந்தது. வெடித்ததா, மோதியதா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி போன் வந்து, முன்னாலேயே வெடித்துவிட்டது என்று சொன்ன பிறகும் அவள் உட்காரவில்லை.

சோதனைக்காகக் கடலில் காவலுக்குச் சுற்றியவர்கள் அண்ணனை ரேடாரில் பார்க்கத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தேடியது சின்னப் படகுகளை. இது கப்பல்போலத் தெரிந்ததால், படம் பிடிக்கிற கப்பல் என்று விட்டுவிட்டார்கள்.

மாலையில் அண்ணன் கரைக்கு வந்தான். வயர்லெஸ் பேட்டரி செத்துப்போனதையும், தூரத்தில் வானம் வெடித்ததையும் கதையளந்தான். அண்ணி படகில் ஏறி, ஐஸ் பெட்டி மேல் நின்று தகட்டை அவிழ்த்தாள். கையெழுத்தாவது மண்ணாவது என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் சோதிச்ச கண்ணு. நான் கட்டின தகடு. ரெண்டுமே சரியா வேலை செஞ்சுதுங்க."

அண்ணன் அவள் கையிலிருந்த தகட்டை வாங்கிக்கொண்டு, தானே பெட்டி மேல் ஏறினான்.

"கப்பல் தினமும் வருது. உங்க கம்பெனி சாமான் எப்பவாவதுதான் வரும்."

அண்ணி கீழே நின்று கயிற்றை எடுத்துக் கொடுத்தாள்.