அன்னத்தாய் கட்டாத மாலை

பாளையங்கோட்டை மார்க்கெட் வாசலில் மாலை கட்டும் அன்னத்தாய்க்கு ஒரே மகள், பொன்செல்வி. அவள் கல்யாண மாலையைத் தன் கையால் கட்டிவிட வேண்டும். தாய் ஆசைப்பட்டது அவ்வளவுதான். தை மாதத்தில் முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது.

தொண்ணூற்றாறில் ஊருக்கு வெளியே மனை போட்டுக் கல் நட்டார்களே, அங்கே வீடு வருமுன்னே பார்த்தீனியம் குடியேறியது. எந்தச் சீமையிலிருந்தோ வந்த சனியன், இடுப்பளவு வளர்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நின்றது. ஆடுகூட மோந்துவிட்டு விலகியது. அன்னத்தாய் விலகவில்லை. பூச்செண்டில் இடையிடையே வைத்துக் கட்ட அழகாக இருந்தது, காசும் கேட்கவில்லை. தினமும் ஒரு கட்டு அறுத்து வந்து வீட்டு மூலையில் ஈரச்சாக்கு போட்டு மூடிவைப்பாள்.

கார்த்திகையில் கையில் தடிப்பு கண்டது. பிறகு கழுத்து, முகம். கண்ணிமை வீங்கித் திறக்கவே முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். "அம்மை போட்டிருக்குடி. ஆசுபத்திரிப் பேச்சே எடுக்காத. தலைக்கு மூணு தண்ணி விடுத வரைக்கும் வீட்டவிட்டு ஒரு துரும்பு வெளிய போவக்கூடாது, பாத்துக்க."

துரும்பு போகவில்லை. வாசலில் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பை நிறுத்தினார்கள், அவளை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தினார்கள். தலைமாட்டில் அந்தச் செடிக்கட்டும் அப்படியே காய்ந்து உதிர்ந்துகொண்டு கிடந்தது. மகள் விசிற விசிற, அந்தத் தூள் தாயின் முகத்தில் படிந்தது. அம்மன் என்ன பாவம் செய்தாள், இந்தப் பழியை அவள் தலையில் போட?

மூன்று தண்ணீர் விட்டும் அடங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, "பார்த்தீனியச் செடிய அறுத்தீங்களாம்மா?" என்றார். கட்டு அன்றைக்கே வெளியே போனது. முகம் தேறியது, கை தேறவில்லை. தோல் கறுத்துத் தடித்து, விரலை மடக்கினால் வெடித்தது. அன்னத்தாய்க்குப் பெரிய சீக்கு, குஷ்டந்தான் என்று மார்க்கெட்டே பேசியது. அவள் தொட்ட பூவைச் சாமிக்கும் வாங்கவில்லை, பிணத்துக்கும் வாங்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் ஒருநாள் வந்து பைய ஆரம்பித்தார். "மாலைய நாங்களே கொண்டாந்திருதோம், மைனி. நீங்க செரமப்பட வேண்டாம்."

அன்னத்தாய் தலையாட்டினாள்.

தாலி ஏறியதும் பொன்செல்வி தாயின் காலில் விழுந்து எழுந்தாள். திருநீற்றுக்கு நெற்றியை நீட்டி, "பூசும்மா" என்றாள். சம்பந்தி வீட்டுக் கண்ணெல்லாம் இந்தப் பக்கமே இருந்தது. அன்னத்தாய் இரண்டு கையையும் முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"ஒங்க அத்தகிட்ட பூசிக்க, தாயி."