காலி மண்டபத்தில் மாமா பேசியது

எங்கள் மாமாவிடம் மைக்கைக் கொடுப்பதும் என்னிடம் ஜிலேபித் தட்டைக் கொடுப்பதும் ஒன்றுதான். இரண்டும் திரும்பி வராது. ஆஸ்டின் டவுனில் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் வந்தாலும், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே, மாமாவை மேடைக்கு எட்டாத எந்த மூலையில் உட்கார வைப்பது என்று அம்மாவும் பெரியம்மாவும் பேசி முடித்துவிடுவார்கள்.

மாமா அவர்களுக்குத் தம்பி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்குக் கேப் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு கோலார் தங்கவயலில், சுரங்கத்தை மூடும் வரைக்கும், பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். இருட்டில் பேசிப் பேசிப் பழகின வாய், வெளிச்சத்துக்கு வந்த பிறகும் மூட மாட்டேன் என்கிறது என்று அத்தை குறைபட்டுக்கொள்வாள். அவர்கள் இருவரும் சண்டை போடாமல் பேசி நான் கேட்டதில்லை. உப்புக்கு ஒரு சண்டை, உப்பு சரியாக இருந்தால் அதற்கும் ஒரு சண்டை.

பெரியம்மா மகள் கல்யாணத்தின்போது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். இரண்டாவது வருஷமாக இருந்தேன். அதன் பிறகு ஏழாம் வகுப்பு வரை எப்படியோ உருண்டு போய், பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். அது கிடக்கட்டும். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை என் டான்ஸ். தாலி கட்டி முடிந்ததும் சொந்தக்காரப் பெண்பிள்ளைகள் மேடையில் ஆடுவதாக ஏற்பாடு. நான் ஆடினால் பக்கத்தில் ஆடுகிறவளுக்குக் கட்டாயம் அடிபடும் என்பதால் என்னைக் கடைசி வரிசையில் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அதுவே எனக்குப் பெரிய பெருமை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய சத்திரம் அது. கீழே மேடையும் நாற்காலிகளும். மாடியில் சாப்பாட்டுக் கூடம். மாடிக்குப் போக மேடை ஓரத்தில் ஒரே ஒரு படிக்கட்டு. வெளியே போக ஒரே ஒரு வாசல். பக்கத்துக் கதவை அடைத்து அதன்மேல் உடைந்த பெஞ்சுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த இரும்புக் கம்பி.

தாலி ஏறியது. முதல் பந்தி மாடிக்குப் போனது. பரிமாறுகிறவர்களோடு அத்தையும் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த இடைவெளிதான் மாமாவுக்கு வேண்டியிருந்தது. மைக் செட் வைத்திருந்த பாயிடம் என்ன சொல்லி மயக்கினாரோ, மைக் அவர் கைக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இரண்டு ஜோக் போயிருக்கும். ஸ்பீக்கர் கரகரத்தது. ஒயரைச் சரிசெய்ய மாமா மேடைத் திரைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. எந்நேரமும் ஏதாவது சேட்டை ஓடிக்கொண்டிருக்கும் முகம் அது. பாயின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பாய் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு மைக் செட்டை பேட்டரியில் மாட்டிவிட்டுப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறிகள் நின்றன. கூட்டம் முனகியது.

திரைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை இருந்தது. பழைய மெத்தைகளும் அலங்காரத்துக்கு வாங்கின தெர்மாகோலும் உள்ளே. அதில் தீப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

மாமா மைக்கைத் தூக்கினார்.

"கரண்ட் போயிடுச்சு. இவ்ளோ அழகா டிரஸ் பண்ணிட்டு வந்து இருட்டுல உக்காந்தா யாருக்குத் தெரியும். போட்டோக்காரர் வெளிய வேப்ப மரத்தாண்ட ரெடியா நிக்கிறாரு. ஒரே குரூப்பு. கைக்குழந்த வச்சிருக்கறவங்க மொதல்ல போங்க, முன் வரிச அவங்களுக்குத்தான். சேர் எதையும் தூக்காதீங்க. மெதுவா போங்க, மரம் ஓடிடாது."

வெளியே ரெடியாக நிற்பதாகச் சொல்லப்பட்ட போட்டோக்காரர், டான்ஸுக்காக மேடையில் காத்திருந்த எனக்குப் பக்கத்தில் நின்று விழித்தார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் வெளியே நடந்தார். அவர் பின்னால் குழந்தைக்காரிகள் போனார்கள். அவர்கள் பின்னால் மாப்பிள்ளையும் கல்யாணப் பெண்ணான அக்காவும்.

அடுத்து மாமா படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பேசினார். பந்தியில் இருப்பவர்கள் கை கழுவாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே இறங்கி வரலாம் என்றார். அதன்பின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எங்க வீட்டம்மா மேலதான் பரிமாறிக்கிட்டு இருக்காங்க. நீங்களும் வாங்கம்மா. உங்களோட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும்னு ஆசையா இருக்கு."

கூட்டம் சிரித்தது. மாடியில் அத்தை வாளியைக் கீழே வைத்தாளாம். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் வாங்க போங்க என்றதில்லை. கூட நின்று போட்டோ எடுக்க ஆசைப்பட்டதும் இல்லை. இந்த மனுஷன் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டால் ஏதோ பெரிய ஆபத்து என்று அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பந்தியில் யாரிடமும் ஒன்றும் காட்டாமல், போட்டோவில் இடம் பிடிக்க வேண்டாமா என்று ஒவ்வொரு வரிசையாக எழுப்பிப் படிக்கு அனுப்ப ஆரம்பித்தாள்.

கீழே பாதி மண்டபம் காலியாகும்போது ஒரு தடங்கல் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்திருக்கவில்லை. காலையில் அவருக்குக் காபி தாமதமாக வந்திருந்தது. இப்போது முதலில் அவரை அழைக்காமல் யார் யாரையோ அழைத்துவிட்டார்கள். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் எழாததால் அவர் பின்னாலிருந்த மூன்று வரிசை மாப்பிள்ளை வீட்டு ஜனமும் எழவில்லை.

"மரியாத தெரியாத எடத்துல எங்களுக்கு என்ன போட்டோ. நீங்களே எடுத்து மாட்டிக்கங்க" என்றார்.

மாமா ஒயரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். வரும்போதே மணமேடை நாற்காலியில் கிடந்த மாலையை எடுத்துக்கொண்டார். எல்லார் முன்னாலும் அதைப் பெரியப்பாவின் கழுத்தில் போட்டார். பிறகு குனிந்து அவர் காலைத் தொட்டார். திரையின் மேல்விளிம்பில் அப்போது மெல்லிசாகப் புகை எட்டிப் பார்த்தது.

"தப்புதான் பெரியவரே. பொண்ணுக்குத் தாய்மாமன் நான், நானே கேட்டுக்கறேன். நீங்க முன்னாடி நடந்தாதான் இந்த ஜனம் நடக்கும்."

பெரியப்பா மாலையைச் சரிசெய்துகொண்டார். மூக்கைச் சுளித்தார். சாம்பிராணி நன்றாக இல்லை என்றார்.

"ஆமாங்க, மட்டமான சரக்கு" என்றார் மாமா.

அப்புறம் பின்னாலேயே இறங்கி வந்திருந்த என் கையைப் பிடித்து அவர் கையில் கொடுத்தார். இவள் சமதரையில் தடுக்கி விழுகிற பிள்ளை, விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். என் டான்ஸ் என்ன ஆகும் என்று கேட்டேன். வெளியே ஆடலாம் என்றார். மாமாவின் உள்ளங்கை நனைந்த துணி மாதிரி இருந்தது. என் டான்ஸை நினைத்து அவருக்கே பயம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாலையும் மரியாதையுமாகப் பெரியப்பா ஊர்வலம் போல நடக்க, மூன்று வரிசையும் அவர் பின்னால் வந்தது. நாங்கள் வேப்ப மரத்தை அடைந்து திரும்பிப் பார்த்தபோது மாடி ஜன்னல்களிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கூட்டத்துக்கு விஷயம் தெரிந்தது. என் கையைப் பிடித்திருந்த பெரியப்பா பிடியை இறுக்கினார்.

பந்திக்காரர்கள் சோற்றுக் கையோடு இருமிக்கொண்டே வந்தார்கள். கடைசியாக, பரிமாறுகிற பெண் ஒருத்தி வந்தாள். அத்தை வரவில்லை. படி வரைக்கும் வந்தவள், அந்த மெரூன் சட்டைக்காரனைக் காணோமே என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள் என்றாள் அந்தப் பெண்.

அந்த மெரூன் சட்டை யாருக்கும் சொந்தமில்லை. கல்யாண வீடு பார்த்து உள்ளே நுழைந்து சாப்பிட்டுப் போகும் ஆள். அத்தை அதை முதலிலேயே கண்டுபிடித்திருந்தாள். கண்டுபிடித்துவிட்டு, மற்றவர்களை விட இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றினாள். எல்லாரும் போட்டோவுக்கு வாங்க என்ற குரல் ஊரையே வெளியே கொண்டுவந்தது. போட்டோவில் நிற்க முடியாத ஒரே ஆளை மட்டும் அது பாத்ரூமுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட வைத்துவிட்டது.

அப்பாவும் வேறு சிலரும் உள்ளே ஓடினார்கள். வாசலைத் தாண்டியதுமே புகை அவர்களைத் திருப்பி அனுப்பியது. சமையல்காரர்கள் பின்கட்டிலிருந்து அண்டா அண்டாவாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பி வழியாக மேடைமேல் ஊற்றினார்கள். மாமா படிக்கட்டின் அடியில், புகைக்குக் கீழே குனிந்து நின்றிருந்தார். பாய் ஸ்பீக்கர் பெட்டியை மாடிப்படியைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, பேட்டரியை மடியில் அணைத்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை வெளியே போகச் சொன்னாராம் மாமா.

"நீ பேசு மாமு. பேட்டரிய நான் பாத்துக்கறேன்" என்றாராம் பாய்.

மாமா ஏன் மேலே ஓடவில்லை என்று எங்கள் சொந்தத்தில் பிற்பாடு சிலர் நாக்கு மேல் பல்லைப் போட்டுக் கேட்டார்கள். புகைக்குள் இரண்டு பேர் தேடினால் இரண்டு பேரும் தொலைந்து போவார்கள், ஒருத்தர் வழியில் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சுரங்கத்தில் வேலை செய்தவருக்குத் தெரியும். தெரிந்தது காலை அங்கே நிறுத்திவைத்தது. மனசை எது நிறுத்திவைத்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இருவரும் வந்துவிட்டார்கள். நனைந்த மேஜை விரிப்பு ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அத்தை முன்னால், அவள் முந்தானையைப் பிடித்தபடி அந்த மனிதர் பின்னால். படிக்கட்டில் கடைசிப் பாதியை உட்கார்ந்தே இறங்கினார்கள். அத்தையின் வலது முழங்கை வெந்திருந்தது. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்குத்தான் நெருப்பு இருந்தது, காப்பாற்றுவதற்கு ஆள் இல்லை. மெரூன் சட்டைக்காரர் மரத்தின் மறுபக்கம் போய்க் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எந்த வீட்டுக்காரர் என்று அவரை யாரும் கேட்கவில்லை. பெரியப்பா தன் கழுத்திலிருந்த துண்டை நனைத்து அவருக்குக் கொடுத்தார்.

மாடியில் நடந்ததை அத்தை ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள், அதுவும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே. பாத்ரூம் கதவைத் தட்டியபோது உள்ளிருந்து அவர், "நான் பொண்ணு வீடு இல்லக்கா, மாப்ள வீடும் இல்ல. மன்னிச்சிருங்க" என்றாராம்.

"தெரியும்ப்பா. உனக்கு மூணு வாட்டி பாயசம் ஊத்தினவ நான்தான். போட்டோ இல்ல, நெருப்பு. வா" என்றாளாம் அத்தை.

கதவு திறந்தபோது கூடம் முழுக்கக் கறுத்துவிட்டிருந்தது. எது படி, எது சுவர் என்று தெரியவில்லை. தரையோடு ஊர்ந்தார்கள். குரல் மட்டும் ஒரு பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறதோ அதுதான் வழி என்று போனோம் என்றாள். உங்கள் மாமா பேச்சை வாழ்க்கையில் நான் முழுசாகக் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான் என்றும் சொன்னாள்.

நானும் கேட்டேன். அத்தை உள்ளே ஊர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில் நான் மரத்தடியில் அம்மா பக்கத்தில் நின்று, டான்ஸ் போன வயிற்றெரிச்சலில், காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். காலி மண்டபத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது. ஓசூர் ரோடு டிராஃபிக்கில் மாட்டின மாப்பிள்ளை தாத்தாவாகிப் போய் இறங்கின ஜோக். கேப்பில் தூங்கினவன் ஆபீஸைத் தாண்டி அத்திபெலேயில் கண் விழித்த ஜோக். எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜோக்குகள் தீர்ந்தன. இருமலுக்கு நடுவே ஒரே வார்த்தைதான் வந்தது.

"இங்க இருக்கேன், வா. இங்கதான் இருக்கேன்."

மறுபடியும் அதே. மறுபடியும் அதே.

மாமாவுக்கு ஜோக் மறந்துவிட்டது என்று எனக்கு உறுதியாகப் பட்டது. நானும் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது இப்படித்தான், அடுத்த வரி வராவிட்டால் முந்தின வரியையே திரும்பத் திரும்பச் சொல்வேன். அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. தம்பி இத்தனை பேர் முன்னால் சொதப்பிவிட்டாரே என்று அவளுக்கு அவமானம் போலிருக்கிறது. அவள் புடவையைப் பிடித்து இழுத்து, எனக்குத் தெரிந்த விதத்தில் ஆறுதல் சொன்னேன்.

"அழாதம்மா. அடுத்த கல்யாணத்துல நல்லா சொல்லுவாரு."